ஏற்றம் பெரியவர்களுக்கு, இறக்கம் பையன்களுக்கு

இந்தக் கோடையில் நம் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஒன்பது மேட்ச். நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒன்று ரத்து. மழை என்று நினைத்துவிடாதீர்கள். பிட்ச்சின் மேல் வட்டச் செயலாளர் வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போட்டுவிட்டார்கள். “ஏற்ற இறக்கம் கலந்த சீசன்” என்று அணிச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, கூடவே கும்பிடும் கைகளையும் ஒரு கோப்பையையும் போட்டிருந்தார். மனிதர் பொய் சொல்லவில்லை. ஏற்றமும் இருந்தது, இறக்கமும் இருந்தது. ஏற்றத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறக்கத்தைப் பையன்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள்.

எந்த ஊர் அணி என்று தேட வேண்டாம். தாம்பரம் தாண்டினாலும் உண்டு, ஆவடிக்கு அந்தப் பக்கமும் உண்டு, மதுரையிலும் கோவையிலும் புறவழிச்சாலை ஓரமாகவும் உண்டு. எங்கே ஃப்ளெக்ஸ் கட்டக் கம்பம் இருக்கிறதோ அங்கே இந்த அணியும் இருக்கும்.

முழு ஆண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சை முடிவதற்குள் ஃப்ளெக்ஸ் ஏறிவிடுகிறது. ‘மாபெரும் கோடைகால கிரிக்கெட் பயிற்சி முகாம்.’ இடது மூலையில் தோனி, வலது மூலையில் கோலி. இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. நடுவில் கைகட்டிக் கூலிங்கிளாஸோடு கோச். பெயருக்குக் கீழே ‘முன்னாள் டிவிஷன் பிளேயர்’. டிவிஷனில் படிகள் பல உண்டே, நீங்கள் எந்தப் படியில் நின்றீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் அந்தக் காலம் சார், நாங்க ஆடின லெவலே வேற” என்பார். அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘உங்கள் பிள்ளையும் நாளைய சூர்யவன்ஷி!’

அந்த ஒரு வரிக்குத்தான் காசு. 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி ஜெய்ப்பூரில் குஜராத் டைட்டன்ஸ் பந்துவீச்சை வெளுத்து 35 பந்தில் சதம் அடித்தான் பீகாரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷி. வயது 14. அவன் 35 பந்தோடு சதத்தை முடித்துவிட்டான். அடுத்த பந்திலிருந்து நம் ஊர் அப்பாக்கள் அடிக்கத் தொடங்கினார்கள், தத்தம் பிள்ளைகளை. “அவனுக்கும் உன் வயசுதான்டா!” அந்தப் பையனின் பேக்லிஃப்ட் எவர் கண்ணிலும் படவில்லை. பதின்மூன்று வயதில் ராஜஸ்தான் ராயல்ஸ் அவனை ஏலத்தில் எடுத்த 1.10 கோடி மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று வெறிபிடித்து அலைந்த வீடுகளில் இப்போது இன்னொரு கடவுளுக்கும் அலகு குத்துகிறார்கள். குத்துவது வழக்கம்போலப் பிள்ளையின் நாக்கில்.

முகாமில் சேர ஒரு கட்டணம். சேர்ந்த பிறகு டீ-ஷர்ட்டுக்கு ஒன்று, மேட்ச் ஃபீஸ் ஒன்று, தண்ணீர் கேனுக்கு ஒன்று. பிறகு கோச் அப்பாவைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போவார். “பையனுக்கு ஹேண்ட்-ஐ கோ-ஆர்டினேஷன் பிரமாதமா இருக்கு சார். பர்சனல் கோச்சிங் மட்டும் வெச்சுட்டீங்கன்னா எங்கேயோ போயிடுவான்.” எங்கே போவான் என்று அப்பா கேட்பதில்லை. அடுத்தது பேட். காஷ்மீர் வில்லோவில் டைமிங் வராதாம். இங்கிலீஷ் வில்லோதான் வாங்க வேண்டுமாம். அதுவும் அவர் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டுமாம். கடைக்காரர் கோச்சின் மச்சான் என்பது மூன்றாவது வாரம் தெரியவரும். அதற்குள் அந்த வீட்டில் ஒரு மோதிரம் அடகுக்குப் போயிருக்கும். பதின்மூன்று வயதுப் பையன் இனி தன் முட்டியை மட்டுமல்ல, அம்மாவின் மோதிரத்தையும் காப்பாற்றிக்கொண்டு ஷார்ட் பாலை ஆட வேண்டும். முதல் பந்தில் அவுட்டானால் வட்டி யார் கட்டுவது?

செலக்‌ஷன் நியாயமாகத்தான் நடந்தது. டீ-ஷர்ட் முதுகில் எந்த மெட்டல் மார்ட்டின் பெயரோ, அந்த மெட்டல் மார்ட்டின் வாரிசு ஓப்பனர். மைதானத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டவரின் பையன் ஒன் டவுன். செயலாளரின் அக்கா மகன் கேப்டன். அவனுக்கு டாஸில் ஹெட்ஸ் கேட்கத் தெரியும். கீப்பிங் கிளவுஸ் சொந்தமாக வைத்திருந்தவன் கீப்பர். இவ்வளவு பேருக்கும் இடம் போட்டு முடித்தபின், யாராவது ஓடி வந்து பந்து போட்டாக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

அதற்காகவே ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், அணியிலும் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “டேய் ஃப்ரீ” என்பார்கள். கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்ட பையன், ஆகவே ஃப்ரீ. அப்பா பெயின்டர். தெருவில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டு மற்ற பசங்களின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனைக் கோச்தான் கண்டுபிடித்தார். அதை மேடைதோறும் சொல்லவும் செய்தார். திறமைக்கு வறுமை தடையில்லை என்பதற்கு அவன்தான் முகாமின் விளம்பரம். விளம்பரத்துக்கு வேலையும் உண்டு. காலை ஐந்தரைக்கு நெட்ஸ் கட்ட வேண்டும், மேட் விரிக்க வேண்டும், பர்சனல் கோச்சிங் வாங்கும் வாரிசுகளுக்கு ஒரு மணி நேரம் பந்து போட வேண்டும். அவனுக்கு பேட்டிங் எப்போது? “பவுலருக்கு எதுக்குடா பேட்டிங்?” கடையில் ஒரு சிறுவனை வேலைக்கு வைத்தால் பிடித்துப்போக அதிகாரி வருவார். நெட்ஸில் வைத்தால் அதற்குப் பெயர் தத்தெடுப்பு.

அவனுக்குத் தங்கை ஒருத்தி. அண்ணனோடு வருவாள், பவுண்டரி கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்குவாள், ஒரே எறியில் ஸ்டம்பைச் சாய்ப்பாள். மதுரைப் பெண் கமலினியை மும்பை இந்தியன்ஸ் பதினாறு வயதில் 1.60 கோடிக்கு ஏலம் எடுத்தது. 2025 பிப்ரவரியில் கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். முகாமின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்திக்கு அறுபது கைதட்டல். அந்தக் குழு நடத்தும் மைதானத்தில் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வேலை ஸ்கோர் நோட்டில் புள்ளி வைப்பது. “பாப்பா கையெழுத்து அழகா இருக்கு.”

இனி வயது. ஏற்றம் என்று செயலாளர் எழுதினாரே, அதன் பெரும்பங்கு இங்கிருந்து வந்ததுதான். முதல் இரண்டு மேட்ச்சை நாம் ஊதித் தள்ளினோம். நம் நான்காம் நம்பர் பேட்ஸ்மேனுக்கு ஆதார்படி வயது பதின்மூன்றரை. மேட்ச்சுக்கு பைக்கில் வந்தான், அவனே ஓட்டிக்கொண்டு. மூன்றாவது மேட்ச்சில் எதிரணி வேகப்பந்து வீச்சாளன் ஷேவ் செய்து வந்திருந்தான்; டீ இடைவேளைக்குள் மறுபடி முளைத்துவிட்டது. நம்மவர்கள் கொதித்தார்கள். “ஓவர் ஏஜ்! ஓவர் ஏஜ்!” நாம் ஜெயித்தால் பையனுக்கு வளர்த்தி அதிகம்; அவர்கள் ஜெயித்தால் மோசடி.

இந்த நோய் தெரியாத நோயல்ல. பதினாறு வயதுக்குட்பட்டோர் மட்டத்தில் இந்திய வாரியம் 2012 முதலே இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. 2015 டிசம்பரில் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்திய ராகுல் திராவிட், வயதைக் குறைத்து ஆடுவதும் மேட்ச் ஃபிக்சிங்கும் தனக்கு ஒன்றுதான் என்றார். பெற்றோரும் கோச்சும் பொய்ச் சான்றிதழ் தயாரிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை ஏமாற்றத்தானே கற்பான் என்றும் கேட்டார். 2020-இல் வாரியம் பொதுமன்னிப்பே அறிவித்தது: தானாக வந்து உண்மை வயதைச் சொன்னால் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டு தடை. மன்னிப்பும் தண்டனையும் ஆட்டக்காரனுக்கு. சரிதான், மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்தப் பையனே தனியாக அலுவலகம் அலுவலகமாக ஏறி, ஆள் பிடித்து, காசு கொடுத்துத் தன் பிறப்புச் சான்றிதழை மாற்றிக்கொண்டான் அல்லவா? அப்பாவின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் காசு கொடுத்த தடம் தெரியுமா என்று எந்த விஞ்ஞானியும் இன்னும் யோசிக்கவில்லை. பிறந்த தேதியை உள்ளபடி சொன்னதால் இடம் போன பையனின் கணக்கோ எந்த எக்ஸ்ரேயிலும் விழாது. அவன் அடுத்த வருஷம் டியூஷனில் இருப்பான்.

நான்காவது மேட்ச் அக்னி நட்சத்திரத்தில். ‘பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவசியமின்றி வெளியே வராதீர்கள்’ என்று அரசு அறிவித்த அதே நாளில், 12.15-க்கு டாஸ். காலை ஸ்லாட்டை ஐ.டி. கம்பெனி ஊழியர்களின் டோர்னமென்ட்டுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அவர்கள் வளர்ந்தவர்கள், வெயில் தாங்க மாட்டார்கள். ஷாமியானாவுக்குக் கீழே மோர், தர்பூசணி, டேபிள் ஃபேன், செயலாளர், கோச், ஸ்பான்சர், அப்பாக்கள். வெயிலில் இருபத்திரண்டு பையன்கள். தேர்டு மேனில் நின்ற பையன் உட்கார்ந்துவிட்டான். “ஆட்டிட்யூட் சரியில்லை” என்றார் கோச், தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டே. பையன் வாந்தி எடுத்த பிறகுதான் அது ஆட்டிட்யூட் இல்லை என்று தெரிந்தது. அவனைக் காரில் ஏற்றிய பிறகு மீண்டும் ஆடி, 19 ரன்னில் தோற்றோம். மன உறுதி போதவில்லை என்று குழுவில் விமர்சனம் வந்தது.

சீசனின் மாபெரும் வெற்றி அடுத்த வாரம். நம் வாரிசு ஓப்பனர் ஆட்டமிழக்காமல் 171. எதிரே பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பேர் காலில் ஷூ இல்லை. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளன் ஸ்டம்பைவிடக் கொஞ்சம் உயரம். 31 ஆல் அவுட். மறுநாள் மெட்டல் மார்ட் வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ்.

இப்படிச் சாதனையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் பிரணவ் தனவாடேயை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 ஜனவரியில், மும்பையை அடுத்த கல்யாணில், பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அந்தப் பதினைந்து வயது ஆட்டோ ஓட்டுநர் மகன் 323 பந்தில் ஆட்டமிழக்காமல் 1009 ரன் குவித்தான். அணியின் ஸ்கோர் 3 விக்கெட்டுக்கு 1465. எதிரணி 31, 52 என்று இரண்டு முறை சுருண்டது. ஆடியவர்களில் பலர் அவனைவிடச் சின்னப் பிள்ளைகள். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கும் 400-இலோ 700-இலோ போதும் என்று சொல்லத் தோன்றவில்லை. உலகச் சாதனை அல்லவா, யார் நிறுத்துவார்கள்? பேட் வந்தது, பாராட்டு வந்தது, கேமரா வந்தது, மும்பை கிரிக்கெட் சங்கத்தின் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் வந்தது. அடுத்து அவன் எடுத்த 30-ஐயும் 40-ஐயும் எவரும் ரன்னாகவே மதிக்கவில்லை. ஆட்டம் சரிந்தது; 2017-இல் அவன் அப்பாவே உதவித்தொகையை நிறுத்திவிடுங்கள் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன், 2016 டிசம்பரில், அவன் பயிற்சி செய்யும் மைதானத்தை ஒரு மத்திய அமைச்சரின் ஹெலிகாப்டர் இறங்குவதற்காக ஒதுக்கினார்கள். எதிர்த்துக் கேட்டதற்குப் பரிசாகப் பையன் காவல் நிலையம் பார்த்தான். ஆயிரம் அடித்தவனுக்கே இதுதான் மரியாதை. ஷூ இல்லாமல் வந்த குழந்தைகளை அடித்து 171 எடுத்தவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

கடைசி டோர்னமென்ட்டின் இறுதி ஆட்டம். எதிரணிக்கு ஆறு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். பந்து ‘ஃப்ரீ’ கையில். அன்று விடிகாலையில் அவன் நெட்ஸில் ஒரு மணி நேரம் போட்டிருந்தான், பிறகு அரையிறுதி, மத்தியானம் இது. முதுகு வலிக்கிறது என்று முந்தின வாரமே சொன்னான். கோச் ஸ்ப்ரே அடித்து, “ஸ்டார்க்குக்கு வலிக்காதா?” என்று தேற்றினார். பதினைந்து வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் ஆறு ஓவருக்கும் ஒரு நாளில் பன்னிரண்டு ஓவருக்கும் மேல் வீசக் கூடாது என்று இங்கிலாந்து வாரியம் கணக்கு வகுத்தது. வளரும் முதுகெலும்பு திரும்பத் திரும்ப முறுக்கினால் விரிசல் விடும் என்பது அங்கே ஒவ்வொரு கோச்சும் படிக்கும் பாடம். இங்கே கோச் படிப்பது எதிரணியின் டீம் லிஸ்ட். நான்காவது பந்தில் பையன் கிரீஸில் காலை ஊன்ற முடியாமல் மடங்கினான். நோ பால், பவுண்டரி. ஐந்தாவதில் ஆட்டம் முடிந்தது.

அப்போது ஷாமியானாவிலிருந்து கிளம்பிய வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடியது ஒன்று: “ஓசியில சேத்தா இப்படித்தான்.” சொன்னவரின் பையன் ஏழு கேட்ச் தவறவிட்டவன், ஆனால் கட்டணம் கட்டித் தவறவிட்டவன். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கீழ் முதுகெலும்பில் விரிசல், ஆறு மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார்கள். குழுவில் இந்தச் செய்தியை யாரோ போட்டார்கள். ஒரு கும்பிடும் கை வந்தது. அதற்கு அடுத்து, மறுவாரக் கட்டண நினைவூட்டல்.

ஆனாலும் பரிசளிப்பு விழா களை கட்டியது. இரண்டாம் பரிசுக் கோப்பையைச் செயலாளர் வாங்கி ஸ்பான்சரிடம் கொடுத்தார், அவர் கோச்சிடம் கொடுத்தார், கோச் வட்டச் செயலாளரிடம் கொடுத்தார். போட்டோவில் பையன்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, நீங்களெல்லாம் நடராஜன் மாதிரி வரவேண்டும் என்றார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அகாடமியில் கட்டணம் கட்டி வந்தவரில்லை. கூலி வேலை செய்த குடும்பம், டென்னிஸ் பால் மேட்ச்சுகள், ஊர்த் திடல், கைகொடுத்துத் தூக்கிய ஒரு அண்ணன். அங்கிருந்து போய், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். சம்பாதித்த பிறகு சொந்த ஊருக்கே ஒரு மைதானம் கட்டிக் கொடுத்தார். அவரை மேற்கோள் காட்டும் விருந்தினரின் தொழில் லேஅவுட் போட்டு விற்பது. முகாமுக்கு மேற்கே இருந்த ஊர்த் திடல் இப்போது அவருடைய ‘கிரீன் பார்க் அவென்யூ’. பார்க்கும் இல்லை, கிரீனும் இல்லை, கேட் மட்டும் இருக்கிறது.

தனியார்தான் இப்படி என்று அரசாங்கம் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானமே போட்டது. ஊர் திட்டிய திட்டில் வாபஸ் வாங்கியது. ஒரு பெயின்டர் தன் இரண்டு பிள்ளைகளை இரண்டு மணி நேரம் ஓடவிட 480 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு மன்றம் முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறது! தீர்மானம் போனது, அதைப் போட்ட புத்தி போகவில்லை. காலி இடம் என்றால் வாடகை, பிள்ளை என்றால் வாடிக்கையாளர், லீவு என்றால் சீசன்.

செய்ய வேண்டியது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மேட்ச் வைக்கும் அமைப்பாளரை அந்த மூன்று மணி நேரமும் மிட் ஆஃபில் நிறுத்துங்கள். செலக்‌ஷன் பட்டியலோடு, யார் வீட்டிலிருந்து எவ்வளவு பணம் வந்தது என்ற பட்டியலையும் அதே பலகையில் ஒட்டுங்கள். சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் கோச்சுக்கும் அப்பாவுக்கும் முதலில் தடை போடுங்கள், பையனுக்குப் பிறகு பார்க்கலாம். பவுலர் எத்தனை பந்து போட்டான் என்று அந்தத் தங்கையிடம் கேளுங்கள். நெட்ஸ் உட்பட நோட்டில் அவள் எழுதிவைத்திருக்கிறாள். பிறகு அந்த நோட்டை வாங்கிக்கொண்டு அவள் கையில் பந்தைக் கொடுங்கள்.

இவ்வளவும் முடியாது, கோப்பைதான் முக்கியம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கோப்பை வேண்டியது நமக்கு, ஷோகேஸ் நம்முடையது, பொச்சரிப்பு நம்முடையது, வயதைத் திருத்தத் தெரிந்ததும் நமக்குத்தான். அடுத்த கோடையில் பதினொரு அப்பாக்களுக்கு வெள்ளை பேன்ட் மாட்டி, கோச்சைக் கேப்டனாகப் போட்டு, செயலாளரை ஓப்பனிங் பவுலிங்குக்கு அனுப்பி, மே மாத உச்சி வெயிலில் நாமே இறங்கி ஆடுவோம். பையன்கள் பள்ளிக்கூட லீவில் விளையாடப் போகட்டும்.